வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறையுமா?

பால், நெய்கூட விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறிய எனக்கு, ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. ஜொகூரில் வெயிலுக்கா பஞ்சம்? தினமும் காலை ஏழரைக்குச் சூரிய நமஸ்காரம் வேற செய்றேனே!

விஷயம் இதுதான். தோல் இந்தச் சத்தைத் தயாரிக்கப் புற ஊதா-பி கதிர் வேண்டும். சாய்ந்து வரும் காலை வெயிலில் அது மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரமே சரி. இங்கே ஏறக்குறைய காலை 10 முதல் மாலை 4 வரை. கை, காலில் சில நிமிடம் படட்டும். மாநிறம், கறுப்புத் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். ஆனால் தோல் எரியும்வரை நிற்காதீங்க.

பெரியவர்களுக்கு நாளைக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 ஐயு தேவை. புற ஊதா ஒளி பட்ட காளானிலும், டி சேர்த்த சோயா பாலிலும் கொஞ்சம் கிடைக்கும்.

மாத்திரை என்றால் லேபிளைப் படிங்க. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. ஜெலட்டின் உறை மாட்டிலிருந்தும் வரலாம். டி2, அல்லது கல்பாசி போன்ற லைக்கனிலிருந்து எடுத்த டி3 நமக்கு ஏற்றது. அளவை டாக்டரிடம் கேளுங்க.

நமஸ்காரத்தை விட வேண்டாம். பத்தரைக்கு இன்னொரு முறை வெளியே போய் நடங்க, அவ்வளவுதான்.