சிருங்காரத்துக்கு ஏற்ற சொல்

கேள்வி: தம்பதியரின் சரச விளையாட்டைக் கதையில் எழுத முற்பட்டால், ஒரு சொல் கொச்சையாகிறது, இன்னொன்று வைத்திய நூல்போல் ஒலிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், குன்னத்துகால்

பதில்: அங்கங்களுக்குப் பெயர் தேடுவதை விட்டு, அவ்விருவரும் ஒருவரையொருவர் சீண்டுவதையும் காத்திருக்க வைப்பதையும் எழுதுங்கள், சங்கடம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். ஊடிப் பேசாதிருக்கும் மனைவி தன்னைத் தீர்க்காயுசாக இருக்கும்படி வாழ்த்தியே ஆகவேண்டும் என்று கணக்கிட்டு வலியத் தும்முகிற கணவனைத் திருக்குறளின் 132-ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் காணலாம்; சரீர வருணனை சிறிதுமின்றியே அங்கே சிருங்கார ரசம் ததும்புகிறது. சற்று வெளிப்படையாகவே எழுத விரும்பினால், உங்கள் திருவிதாங்கூரின் அரசவைக் கவி இரயிம்மன் தம்பி (1782–1856) இயற்றிய புகழ்பெற்ற காம்போதி ராகப் பதத்தைக் கேளுங்கள்: நாயகன் தந்த இன்பத்தை நாயகியே தன் சகியிடம் உரைப்பதால், மறைக்காமல் சொன்ன விஷயமும் அதில் ஆபாசமாவதில்லை.

ஆகவே, உங்கள் பாத்திரங்கள் தனிமையில் தமக்குள் வழங்கக்கூடிய சொற்களையே கையாளுங்கள், உபமானங்களைக் குறையுங்கள், எழுதியதை உரக்கப் படித்து, நகைக்கக் கூடாத இடத்தில் உங்களுக்கே நகைப்பு வந்தால், அந்தச் சொல்லைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.