வியாபாரப் பாடம்: வீடியோ விளையாட்டுக் கடை

நம் வாலிபர் சிலர் கூட்டுச் சேர்ந்து வீடியோ விளையாட்டுக் கடை வைக்க எண்ணங் கொண்டுள்ளனர். பெரியவர்களோ, "விளையாட்டும் ஒரு வியாபாரமா?" என்று முகஞ் சுளிக்கின்றனர். போடப் போகும் கைமுதல் பெற்றோரின் சேமிப்பு. ஆகவே ஆசையையும் வெறுப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவது, தொழிலின் தன்மை. 1972-ல் கலிபோர்னியாவில் அட்டாரி கம்பெனியார் 'போங்' என்னும் யந்திரத்தை ஒரு மதுக்கடையில் சோதனைக்கு வைத்தனர். சில நாளில் அது நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது! இதைக் கேட்டு மயங்குவோர் பலர். நாம் கற்க வேண்டியவை இரண்டு. காசு குவிந்தது புதுமையினால். யந்திரம் நின்றது பெட்டியைத் தினமும் திறந்து எண்ணாததினால். புதுமை நிலைப்பதில்லை. 1978-ல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது; 1980-ல் 'பாக்-மேன்' வந்தது. கூட்டம் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஓடியது. இன்றோ ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி விளையாட்டு இருக்கிறது. வீட்டில் கிடைக்காததை, அதாவது அமர்ந்து ஓட்டும் கார், ஏறி ஆடும் நடன மேடை போன்றவற்றை வைத்தால்தான் ஆள் வரும்.

இரண்டாவது, கணக்கு. பத்து யந்திரங்கள் என்று வைத்துக் கொள்வோம். மாத வாடகை 5,000 வெள்ளி, சம்பளம் 3,000, யந்திரத் தவணை 2,500, மின்சாரம் 800, பழுது 700. ஆக 12,000 வெள்ளி. ஆட்டத்துக்கு 2 வெள்ளியானால் மாதம் 6,000 ஆட்டம், யந்திரம் ஒன்றுக்கு 600, நாளொன்றுக்கு 20. சொற்பமாகத் தோன்றுகிறதன்றோ? ஆனால் வேலை நாட்கள் 22-லும் பத்துப் பத்து ஆட்டமே நடந்தால் 220 ஆகும். மீதி 380-ஐ எட்டு சனி, ஞாயிறுகளில் எடுக்க வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 48. ஓர் ஆட்டம் ஆறு நிமிஷமென்றால், ஒவ்வொரு யந்திரமும் ஐந்து மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டும். இரண்டு யந்திரம் பழுதானால் மற்றவை 66 ஆட்டம் ஆட வேண்டும். இத்தனையும் செலவுக்குத்தான், லாபம் இதற்கு அப்பால்!

மூன்றாவது, சட்டம். சிங்கப்பூரில் இதற்குப் போலீசாரின் உரிமம் வேண்டும். இடமும் இத்தொழிலுக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இவற்றை விசாரியாமல் வாடகைப் பத்திரத்தில் கையொப்பமிடலாகாது. அரசாங்கங்கள் இத்தொழிலைக் கண்டிப்புடன் நோக்குவதையும் மறக்கலாகாது. 1981-ல் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் வீடியோ விளையாட்டு யந்திரங்களையே தடை செய்தார். 2000-ல் மலேசிய அரசாங்கம் இத்தகைய கூடங்களை மூட முடிவெடுத்தது. சில கூடங்களில் சூதாட்டம் புகுந்ததே காரணம்.

நான்காவது, சூது. திறமைக்கு ஆடுவது வேறு. பரிசுக்குப் பணத்தைப் பணயம் வைப்பது வேறு. பொம்மையெடுக்கும் யந்திரங்களின் பரிசு 100 வெள்ளிக்கு மேற்படலாகாதென 2024-ல் சிங்கப்பூர் அரசாங்கம் விதித்தது. சட்டம் அந்த எல்லையில் நிற்கட்டும்; ஹலாலான சம்பாத்தியத்தை நாடும் நாம் அதற்கு முன்னதாகவே நின்றுவிடுவது நலம்.

வாலிபச் சகோதரர்களே! பணத்தைப் போடுமுன் ஒரு வாரம் செலவிடுங்கள். நடந்து வரும் கடையொன்றில் காலை, மாலை, ஞாயிறு என்று எல்லா வேளையும் நின்று, எந்த யந்திரத்தில் எத்தனை ஆட்டம் நடக்கிறதென்று எண்ணிச் சிட்டையில் குறியுங்கள். 48 தேறினால் மேற்கொண்டு பேசலாம். தேறாவிடில், பெற்றோரின் சேமிப்பு பத்திரமாக இருக்கிறதென்று மகிழலாம்.