நியூட்ரான் விண்மீன் வீசும் தாரை

கேள்வி: ஐயா, நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எக்ஸ்-ரே இரட்டை விண்மீன்களில் இருக்கும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து ரேடியோ அலையும் வருகிறது என்று பிளஸ் டூ படிக்கும் என் மகள் படித்திருக்கிறாள். அது பல்சாரின் துடிப்புதானா? அதைப் பிடிக்க ஓசூரிலேயே ஒரு ஆன்டெனா வைக்க முடியாதா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை என்பதுதான். பல்சார் என்ற சுழலும் நியூட்ரான் விண்மீன் தனியாக இருக்கும்போது அதன் காந்தப்புலத்திலிருந்து ரேடியோ துடிப்பு வரும். பக்கத்து விண்மீனின் வாயு அதன்மேல் கொட்டத் தொடங்கினால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். எம்28 என்ற கோளக் கொத்தில் உள்ள ஒரு நியூட்ரான் விண்மீன் 2013இல் இதைக் கண்ணெதிரே காட்டியது. முன்பு ரேடியோ பல்சாராக இருந்தது, வாயு விழுந்தபோது எக்ஸ்-ரே பல்சாராக மாறியது. விழுவது ஓய்ந்த சில வாரங்களுக்குள் ரேடியோ துடிப்பு திரும்பிவிட்டது.

அப்படியானால் வாயு விழுந்துகொண்டிருக்கும்போதே வரும் ரேடியோ அலை எது? நியூட்ரான் விண்மீன் என்பது சூரியனைவிட அதிக எடையை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கிய பொருள். அதை நோக்கி வரும் வாயு வட்டாகச் சுழன்று, ஒளியின் வேகத்தில் பாதியை நெருங்கும் வேகத்தில் இறங்கி, கோடிக்கணக்கான டிகிரி சூடாகிறது. எக்ஸ் கதிர் அங்கிருந்து வருகிறது. ஆனால் வந்த வாயு முழுவதும் விழுந்துவிடுவதில்லை. ஒரு பங்கு, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாக வெளியே எறியப்படுகிறது. தாரைக்குள் ஒளி வேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும்போது ரேடியோ அலையை உமிழ்கின்றன. எலக்ட்ரானின் ஓட்டம் மாறினால் அலை பிறக்கும். உங்கள் ஷாப்பில் வெல்டிங் போடும்போது பக்கத்து ரேடியோ கரகரப்பதற்கும் அடிப்படை இதுதான்.

ஆகவே விழுவதை எக்ஸ் கதிர் சொல்கிறது, எறியப்படுவதை ரேடியோ சொல்கிறது. ஒன்றை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிக் கணக்குதான் கிடைக்கும். இதற்கு நல்ல சாட்சி ஸ்விஃப்ட் ஜே0243 என்ற விண்மீன். 2017 அக்டோபரில் திடீரென்று பொங்கியது. அதன் காந்தப்புலம் பூமியின் புலத்தைப்போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல். அவ்வளவு வலுவான புலம் வாயு வட்டைத் தூரத்திலேயே தடுத்துவிடும், தாரை உருவாகவே முடியாது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி அதிலும் தாரையைக் கண்டுபிடித்தது. 2018இல் வெளியான அந்த முடிவு நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. அதே பொங்குதலின்போது அதன் 9.8 விநாடித் துடிப்பை எக்ஸ் கதிரில் அளந்த கருவிகளில் ஒன்று நம் அஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளை இயக்கும் நிலையம் உங்கள் ஊருக்கு அருகில், பெங்களூரில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2024இல் வந்தது. 4யு 1728-34 என்ற நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் சேர்ந்த வாயு அவ்வப்போது அணுகுண்டுபோல வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் சில நிமிடங்கள் கழித்துத் தாரையின் ரேடியோ ஒளி கூடியதை ஆஸ்திரேலியத் தொலைநோக்கி பதிவுசெய்தது. இரண்டு அலைவரிசைகளில் அது கூடிய நேர வித்தியாசத்திலிருந்து தாரையின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்: விநாடிக்குச் சுமார் 1,14,000 கிலோமீட்டர். வேகத்தை அளக்கத் தேவையான கடிகாரத்தை அந்த விண்மீனே கொடுத்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் சிலிர்க்கிறது.

ஓசூரில் ஆன்டெனா? வேண்டாம். இந்த வகையில் மிகவும் பேர்பெற்ற ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 சுமார் 9,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிலாவில் ஒரு செல்போனைப் பேசவிட்டால், பூமியில் அந்தச் சமிக்ஞை ஸ்கார்பியஸ் எக்ஸ்-1ஐவிட நூறு மடங்குக்கு மேல் பலமாக இருக்கும். வெல்டிங் செட்டுகளும் மோட்டார்களும் செல் டவர்களும் நெருங்கிய சிப்காட்டில் அவ்வளவு மெல்லிய அலை தேறாது. அதனால்தான் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி, புனேயிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி கோடத் கிராமத்தை ஒட்டி அமைந்தது.

ஆனால் உங்கள் மகள் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1ஐத் தொலைநோக்கி வழியே கண்ணாலேயே பார்க்கலாம். மே, ஜூன் இரவுகளில் விருச்சிகத்தின் சிவப்பு விண்மீனான கேட்டையிலிருந்து வடக்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு தள்ளி அதன் இடம். 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல வரைபடமும் வேண்டும். ஓசூர் வெளிச்சம் எட்டாத தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் ஏற்றது. எக்ஸ் கதிர்ப் பதிவுகளுக்கு வானம்கூடத் தேவையில்லை. அஸ்ட்ரோசாட் தரவுக் காப்பகத்தை இஸ்ரோ பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது, பதிவுசெய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டால், விண்மீனின் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவதை வீட்டுக் கணினியிலேயே வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம். தேர்வு முடிந்ததும் தொடங்கச் சொல்லுங்கள்.