உழவாரம் எடுக்கும் முன்

பாழடைந்த கோயில்களைச் சீர்செய்யக் குழு சேர்த்துக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்லிவைப்பது.

1. முதல் தடவை போகும்போது கடப்பாரை, மண்வெட்டி எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு போய் ஊர் டீக்கடையில் உட்காருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, திருவிழா எந்த வருஷம் நின்றது, ஏன் நின்றது என்று பேச்சுக் கொடுங்கள். பல ஊர்களில் கோயில் பாழானதற்கு மழையும் மரமும் பிறகு வந்த காரணங்கள். முதல் காரணம் முதல் மரியாதைத் தகராறு. எந்தத் தெருக்காரர்களை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். அவர்கள் வராத கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2. கோயில் யார் பொறுப்பில் என்று பாருங்கள்: அறநிலையத்துறையா, மாநிலத் தொல்லியல் துறையா, மத்தியத் தொல்லியல் துறையா? எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமென்றால் சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது; அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இதை ஊராரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏச்சு உங்களுக்குத்தான்.

3. துடைப்பம் எடுக்கும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு சிலை, ஒவ்வொரு தூண். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டியே கிடந்த கோயிலிலிருந்து நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம்வரை போனார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அவர் நம் ஊர்க்காரர்தான் என்று காட்ட உதவியது. 2014இல் திரும்பி வந்தார்.

4. விமானத்தில் முளைத்த அரசமரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் சுதைக்குள்ளே ஓடியிருக்கும். நீங்கள் இழுத்தால் பூதகணத்தின் கையும் சேர்ந்து வரும். தண்டை அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வேரைப் பட்டுப்போக வைக்க வேண்டும். அதை விவரம் தெரிந்த ஸ்தபதியோ தொல்லியல் பொறியாளரோ பக்கத்தில் இருந்து செய்யட்டும். விரிசலில் சிமெண்டை அப்பாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரிக்கவிடும். சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவிட்டு, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் அக்கம்பக்கத்தில் இருக்கிறாரா என்று தேடுங்கள். கிடைத்தால் நல்ல கூலி கொடுங்கள், இரண்டு உள்ளூர்ப் பையன்களைக் கையாளாக விடுங்கள். வெளியூர்க் காண்ட்ராக்டர் சீக்கிரம் முடிப்பார். அவர் போனதும் கைவேலையும் போய்விடும்.

5. கல்வெட்டு பெரும்பாலும் சுவரின் அடிப்பீடமான அதிஷ்டானத்தில், உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும். கம்பி பிரஷ், ஆசிட், மணல் வீச்சு மூன்றும் வேண்டவே வேண்டாம். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். தரையை உயர்த்தி டைல்ஸ் போட உபயதாரர் நிச்சயம் ஒருவர் வருவார். சோழன் விட்ட நிலத்தின் கணக்கை அவருடைய டைல்ஸ் மறைத்துவிடும். அவரைக் கோபப்படுத்தாமல் மடைப்பள்ளிப் பக்கம் திருப்பிவிடுங்கள். அது தனிக்கலை.

6. தோண்டும்போது செம்போ காசோ தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ.வைக் கூப்பிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

7. ஊர் மக்களே காவலுக்கு நின்றால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள, மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்கு ஒருமுறை போய்வாருங்கள். தமிழி எழுத்தும் குடைவரைக் கோயிலும் உள்ள அந்த மலைப்பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது கிராமசபைத் தீர்மானம் போட்டு, தெருவில் இறங்கி நின்றவர்கள் அந்தச் சுற்றுவட்டார மக்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

8. வேலை முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். விளக்குப் போட, பெருக்க, மதிலில் முளைத்ததைக் கிள்ள யார் யார் என்று ஊர்க்கூட்டத்திலேயே பெயர் எழுதி வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் மேல்தளத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள் கட்டாயம் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். நீங்கள் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் தண்ணீர் கருவறைக்குள் இறங்கியிருக்கும்.