அடுத்த தெருவில் ஒரு வீடு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், முப்பது வருடம் இதே தெருக்களில் நடந்தவள் எழுதுவது.

1. ஒரு பிள்ளை ஆதரவில்லாமல் நிற்கிறது என்று 1098 குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து தகவல் வந்ததும், எந்தக் குழந்தைகள் இல்லத்தில் இடம் காலி என்று போன் போடாதீர்கள். அந்தத் தெருவுக்குப் போங்கள். நேற்று ராத்திரி இந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டது யார் என்று கேளுங்கள். ஓர் ஆயாவோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ பெரும்பாலும் இருப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் பிள்ளையைக் கொண்டுபோகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.

2. ஆயா வளர்த்தால் அது ‘நிதி ஆதரவு’. உறவில்லாத குடும்பம் வளர்த்தால் ‘வளர்ப்புப் பராமரிப்பு’. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இரண்டுக்கும் மாதம் 4,000 ரூபாய்தான். ஆனால் விண்ணப்பம் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் கோப்பு திரும்பி வரும், அத்தனை மாதமும் ஆயா கடன் வாங்கித்தான் அரிசி வாங்குவார். இரண்டுமே தத்து இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆயா வளர்ப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளில் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியவர்கள் பாட்டிமார்கள்தான். நம் காசிமேட்டு ஆயாக்களும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை.

3. இது இந்தக் கரைக்கே உரிய சங்கடம். கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் கிடையாது. ஏழு வருடம் தகவலே இல்லாமல் போனால்தான் சட்டம் பொதுவாக ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஏழு வயதுப் பெண் பதினாலு வயதாகி, பள்ளியை விட்டு நின்றிருப்பாள். சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். தேடியும் பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாத குழந்தையும் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைதான் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. போலீஸ் புகார் நகல், கூடப் போன படகுக்காரர்களின் வாக்குமூலம், ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதம் எல்லாம் சேர்த்து விசாரணை அறிக்கையை வலுவாக எழுதுங்கள்.

4. அண்ணன் தங்கையைப் பிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பிரித்தேன். பையனை ஒரு பக்கம், பெண்ணை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததென்று நினைத்தேன். அந்தப் பையன் மூன்று முறை ஓடிப்போனான். மூன்று முறையும் தங்கையைத் தேடித்தான் போயிருந்தான். உடன்பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று இன்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது இல்லாத காலத்திலும் எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

5. வீட்டை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியற்காலையில் போனால் ஆயா மீன் ஏலத்தில் நிற்பார். மீன் விற்றுத் திரும்பிய பிறகு போங்கள். ஒற்றை அறை வீடு என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் சோறு விழுகிறதா, யார் குடிக்கிறார்கள், ராத்திரி பிள்ளை யார் பக்கத்தில் படுக்கிறது, அதைப் பாருங்கள். வளர்ப்புக் குடும்பத்தை மாதாமாதம் ஆய்வு செய்யச் சட்டமே சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், இன்னும் அடிக்கடி போங்கள். கையில் காசில்லாத அந்த 61 நாளில்தான் ‘இந்தப் பிள்ளையைக் கூட்டிப் போய்விடுங்கள்’ என்ற வார்த்தை வரும்.

6. இல்லமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே அடிபட்ட பிள்ளைக்கு அதுதான் அடைக்கலம். ஆனால் 2020 ஜூனை மறக்காதீர்கள். ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா உறுதியாகி, உச்ச நீதிமன்றமே விளக்கம் கேட்டது. போக ஒரு வீடு இருக்கும் பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் சேர்க்காதீர்கள்.

7. பிள்ளையிடம் கேளுங்கள். அதிகாரி முன்னால் அல்ல, கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து, வேறு பேச்செல்லாம் பேசிய பிறகு. வீடு மாறும் நாளில் துணியோடு அப்பா அம்மா போட்டோவும் பையில் இருக்கட்டும். போட்டோ இல்லையென்றால் ஆயாவோடு ஒன்று எடுத்து, பின்பக்கம் அவர் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.