கருத்தடை: கணவன் மனைவி கலந்து முடிவு செய்யவேண்டிய விஷயம்

‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. “அது மார்க்கத்திற்கு விரோதம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் ஒரு சாரார். யாரிடமும் எதுவும் கேளாமல், பிரசவத்திற்குப் போன இடத்திலேயே ஆபரேஷனையும் செய்துகொண்டு வந்துவிடுவோர் மற்றொரு சாரார். ஷரீஅத் இதில் என்ன கூறுகிறது என்று இரு சாராருமே விசாரிப்பதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் அறியப்பட்டிருந்த கருத்தடை முறை ‘அஸ்ல்’ ஆகும். இந்திரியம் கருப்பையைச் சேராதவாறு கணவன் விலகிக்கொள்வதே அது. திருக்குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் தாங்கள் அஸ்ல் செய்து வந்ததாகவும், செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்றும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதே கிரந்தத்தில், அஸ்லை மறைமுகமாக உயிரோடு புதைப்பதற்கு ஒப்பிட்ட ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இது ஹராம் அன்று, விரும்பத்தகாதது என்னும் அளவில் கொள்ளவேண்டும் என்று விளக்கினார்கள். இப்னு ஹஸ்மு போன்ற சிலர் ஹராம் என்றே கூறியதும் உண்டு. ஆனால் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் அவ்வழியில் செல்லவில்லை.

“வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று திருமறை தடுத்திருக்கிறதே!” என்று சிலர் கேட்பர். பிறந்துவிட்ட குழந்தையைக் கொல்வதும் கரு உண்டாகாமல் தடுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ‘இஹ்யா’வில் தெளிவாக விளக்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிரசவத்தால் மனைவியின் உயிருக்கு ஏற்படும் ஆபத்துக்கு அஞ்சி அஸ்ல் செய்வதை ஏற்கிறார்கள். பிள்ளைகள் பெருகிச் சிரமம் மிகுந்துவிடும் என்று அஞ்சுவதையும் தடுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்துவிடுமே என்று அஞ்சிச் செய்வதைத்தான் கண்டிக்கிறார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் படித்துக்காட்ட வேண்டிய இடம் அது!

நம் வீடுகளில் அறவே மறக்கப்பட்ட ஒன்று, மனைவியின் சம்மதம். மனைவியின் அனுமதியின்றி அஸ்ல் கூடாது என்பது ஹனஃபி மத்ஹபின் அடிப்படைத் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி அனுமதியில்லாவிடினும் ஹராமாகாது என்றாலும், அதிலும் மாற்றுக் கருத்துண்டு. பெண் தன் கருப்பையின் வாயை அடைத்துக்கொள்வது பற்றி இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் ஹனஃபிச் சட்ட நூலிலேயே பேசப்பட்டிருக்கிறது. அங்கே கணவனின் சம்மதம் பேசப்படுகிறது. ஆக, இருவரில் ஒருவர் மற்றவரை மீறித் தனித்து முடிவு செய்வதை அந்நூல்கள் ஏற்கவில்லை. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யுமாறு ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 233ஆம் வசனம் கூறுகிறது. அப்படியிருக்க, மாமியாரின் ஒரு சொல்லிலோ, வெளிநாட்டிலிருந்து வரும் கணவனின் ஒரு தொலைபேசி உத்தரவிலோ இவ்விஷயம் தீர்ந்துவிடுவது எந்த மத்ஹபின் சட்டம்?

அடுத்தது, தற்காலிகத் தடைக்கும் நிரந்தரத் தடைக்கும் உள்ள வேறுபாடு. கருத்தரிக்கும் ஆற்றலை வேரோடு அறுப்பது கூடாது, சிறிது காலம் தள்ளிப்போடுவது அவ்வாறன்று என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் பிரித்துரைக்கின்றன. 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதையே தீர்மானித்தது. குழந்தைகளுக்கிடையே இடைவெளி விடுவதற்காக, கணவன் மனைவி இருவரின் ஆலோசனையோடும் சம்மதத்தோடும், தீங்கில்லாத வழியில் தற்காலிகமாகத் தடுக்கலாம். நிர்ப்பந்தமான காரணமின்றி நிரந்தரமாக மலடாக்குவதும், அரசு சட்டம் போட்டுப் பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவதும் கூடா. 1976இல் வடநாட்டில் நடந்த கட்டாய ஆபரேஷன்களை நினைவில் வைத்திருப்போருக்கு இந்தக் கடைசி வாசகத்தின் பொருள் நன்கு விளங்கும்.

ஆனால் நம் நாட்டில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆண்கள் செய்துகொள்வதோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! அனுமதிக்கப்பட்ட தற்காலிக வழிகளை யாரும் எடுத்துச் சொல்லாததால், நிர்ப்பந்தத்திற்கென ஒதுக்கப்பட்ட வழியிலேயே நம் பெண்களும் போய் நிற்கிறார்கள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அது வேறு விஷயம். அதையும் சிசேரியன் மேசையில் கேட்டு முடிவு செய்யாமல், ஏழாம் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

தற்காலிக வழிகள் பலவுண்டு. ஒரு பிரசவத்திற்குப் பின் அடுத்த கர்ப்பத்திற்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால் முதல் 6 மாதங்களுக்குப் பாலூட்டுவதே பெரும்பாலும் தடையாக அமையும். காப்பர்-டி பல ஆண்டுகள் இருக்கும். எடுத்துவிட்டால் மீண்டும் கருத்தரிக்கலாம். அது முக்கியமாகக் கரு உண்டாகாமலே தடுக்கிறது. கருச்சிதைவு செய்யும் கருவி என்பது தவறான எண்ணம். அது உள்ளே இருப்பதால் கடமையான குளிப்புக்கும் குறைவில்லை. குளிப்பில் நீர் சேரவேண்டியது உடலின் வெளிப்புறத்திற்கே. மாலா-என் போன்ற தினசரி மாத்திரை, பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் ஆகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்ட ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ‘அந்தரா’ ஊசி 3 மாதத்திற்கு ஒன்று. நிறுத்தினாலும் கரு தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகும். ஆணுறை கணவனின் பங்கு. அதை ஏன் எப்போதும் பேச்சிலிருந்து விட்டுவிடுகிறோமோ, தெரியவில்லை.

காப்பர்-டியால் உதிரம் அதிகமாகலாம். ஊசியால் அவ்வப்போது சிறிது சிறிதாகப் படலாம். தொழுகை என்னாவது என்று அஞ்சியே சிலர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். சிலர் வாரக்கணக்கில் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. ஹைளு நீடிக்கும் அதிகபட்ச நாட்கள் ஷாஃபிஈ மத்ஹபில் 15, ஹனஃபி மத்ஹபில் 10. வழக்கமாக 5 நாள் காணும் பெண்ணுக்கு 8 நாள் நீண்டால் இரு மத்ஹபிலும் அத்தனையும் ஹைளே. 12 நாள் நீண்டால், ஷாஃபிஈ மத்ஹபில் அதுவும் ஹைளு. ஹனஃபி மத்ஹபிலோ 10ஐத் தாண்டிவிட்டதால் வழக்கமான 5 நாள் மட்டுமே ஹைளு. மீதி 7 நாள் இஸ்திஹாளா, அந்த நாட்களின் தொழுகைகளைக் களாச் செய்யவேண்டும். ஒரு ஹைளு நின்று 15 நாள் சுத்தம் கழியாமல், மேற்சொன்ன அதிகபட்ச நாட்களுக்கும் அப்பால் படுவது இஸ்திஹாளாவே. அப்போது சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக்கட்டி, தொழுகை நேரம் வந்தபின் ஒளுச் செய்து தொழவேண்டும். நோன்பும் நோற்கலாம். இத்தகைய முறைகளை மேற்கொள்ளும் பெண்கள், உதிரம் தொடங்கிய தேதியையும் நின்ற தேதியையும் ஒரு காலண்டரில் குறித்து வருவது அவசியம்; ஆலிமிடம் மஸ்அலா கேட்கும்போது அவர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.