மனச்சோர்வும் சிறு வேலையும்

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. கோலியனூர்ப் பக்கத்து விவசாயிக்குத் தெரியும்: வயலில் தேங்கிய நீர் வடிந்துவிடும், கடனை நினைத்துக் கிடக்கும் மனச்சோர்வு எளிதில் வடியாது.

மனம் தெளிந்தபின் எழலாம் என்று படுத்திருந்தால் சோர்வு கூடும். மனம் வராவிட்டாலும் குளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தாங்கலில் காய் நறுக்கவாவது போய் உட்காரலாம். யாரோடும் பேசியாக வேண்டும் என்பதில்லை. குடியில் ஆறுதல் தேடுவது சோர்வை இரட்டிப்பாக்கும்.

தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் கடந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சாகும் எண்ணம் வந்தால் காத்திருக்கலாகாது. அன்றே அழைக்க வேண்டும், வீட்டார் தனியே விடக்கூடாது.